போத்தோசியில் தியோவைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

பொலிவியாவின் போத்தோசி மலைக்குள் இறங்கி, அங்கே வேலை செய்கிற சுரங்கத் தொழிலாளிகளையும் அவர்கள் மலைக்குள் வைத்துக் கும்பிடும் தியோ என்ற சாமியையும் படம் எடுத்துத் திரும்பியதில் எனக்கு ஆன செலவு, கையில் வைத்திருந்த கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தரகருக்குக் கொடுத்த முன்பணம், உடம்பு படுத்ததில் போன நாட்கள், தூசி ஏறிக் கெட்ட லென்ஸ், சாலை மறியலில் பறிபோன விமான டிக்கெட் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. போவதற்கு முன் தேடித்தேடிப் படித்தேன். கிடைத்ததெல்லாம் சுற்றுலாவாக இரண்டு மணி நேரம் உள்ளே போய்விட்டு வந்தவர்கள் எழுதியவை. அங்கேயே தங்கி, உண்மையாக வேலை நடக்கிற இடத்தில் உட்கார்ந்து, அவர்களுடைய சாமி விஷயத்தைப் படமெடுக்க நினைக்கிற ஒருவருக்கு உதவுகிற மாதிரி எதுவும் கண்ணில் படவில்லை. இனிமேல் போகிறவர்களாவது தெரிந்துகொண்டு போகட்டும் என்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். செர்ரோ ரிக்கோ என்ற அந்த மலை கிட்டத்தட்ட 4,800 மீட்டர் உயரம். 1545-இல் வெள்ளி கண்டுபிடித்ததிலிருந்து இன்றுவரை அதைக் குடைந்துகொண்டே இருக்கிறார்கள். 1570-களில் ஸ்பானிய வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ, மீத்தா என்ற கட்டாய வேலை முறையைக் கொண்டுவந்து சுற்றுவட்டார மலைநாட்டு ஊர்களிலிருந்து ஆண்களை முறைவைத்து இழுத்துவந்து உள்ளே இறக்கினார். எத்தனை உயிர் போனது என்பதற்கு ஒழுங்கான கணக்கே கிடையாது. நல்ல வெள்ளி எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது வெட்டுவது பெரும்பாலும் துத்தநாகமும் ஈயமும் கொஞ்சம் வெள்ளியும் கலந்த தாது. 2011 வாக்கில் மலையின் உச்சி உள்வாங்கிப் பெரிய பள்ளம் விழுந்தது. 2014-இல் ஆபத்தில் இருக்கும் உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் யுனெஸ்கோ இந்த ஊரைச் சேர்த்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஆயிரக்கணக்கான ஆட்கள் தினமும் உள்ளே போகிறார்கள். என்ன நம்பிக்கையில் போகிறார்கள் என்பதுதான் நான் படமெடுக்க விரும்பியது.

பெருவின் லிமாவிலிருந்து லா பாஸுக்கு விமானம், அங்கிருந்து இரவுப் பேருந்தில் நேராகப் போத்தோசி. டிக்கெட் மலிவாகக் கிடைத்த வழி அதுதான். லா பாஸின் எல் ஆல்ட்டோ விமான நிலையமே 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, போத்தோசியும் அதே உயரம்தான். நம் தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால் புரியும். கடல்மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜனில் அறுபது சதவீதம் சொச்சம்தான் அங்கே கிடைக்கும். பேருந்திலேயே தலைவலி ஆரம்பித்தது. விடுதி மாடிப்படி ஏறுவதற்குள் கண் இருட்டியது. அன்று இரவு வாந்தி நிற்கவே இல்லை. தனியாக ஒரு அறையில் படுத்துக்கொண்டு, உதடு நீலமாகிறதா என்று கைப்பேசி வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயத்தை வார்த்தையில் சொல்வது கஷ்டம். மறுநாள் விடுதிக்கார அம்மாள் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போய் ஆக்சிஜன் வைக்கச் செய்தார். அந்தச் செலவும், உடம்பு தேறும்வரை சும்மா கிடந்த அறை வாடகையும், முன்பணம் கட்டியிருந்த மொழிபெயர்ப்பாளரின் கூலியும் சேர்ந்து முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது.

இதைத் தவிர்க்க நல்ல வழி இருக்கிறது. சாந்தா குரூஸுக்குப் பறந்துபோங்கள், அது தாழ்வான ஊர். அங்கிருந்து சுக்ரே, 2,800 மீட்டர். அழகான ஊர், மலிவும்கூட. நாலைந்து நாள் அங்கே தங்கி உடம்பைப் பழக்கிவிட்டுச் சாலை வழியாக மூன்று மணி நேரத்தில் போத்தோசி வந்துவிடலாம். போவதற்கு முன் மருத்துவரிடம் அசிட்டசோலமைட் மாத்திரை பற்றிக் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கோக்கா இலை போட்ட டீ அங்கே எல்லா இடத்திலும் தருவார்கள், குடித்தால் இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைவலி முற்றி நடையே தடுமாறினால் டீயை நம்பிப் படுத்திருக்கக் கூடாது, அன்றைக்கே கீழே இறங்கிவிட வேண்டும்.

அடுத்தது அனுமதி. ஊரிலிருந்தே ஒரு தரகரை இணையத்தில் பிடித்து, சுரங்கத்துக்குள் இரண்டு வாரம் படமெடுக்க அனுமதி வாங்கித் தருவதாக அவர் சொன்னதை நம்பி நானூறு டாலர் அனுப்பியிருந்தேன். முத்திரை குத்திய கடிதமும் அனுப்பினார். கடிதத்தை எடுத்துக்கொண்டு சுரங்க வாசலுக்குப் போனால் அங்கே இருந்தவர்களுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியவில்லை. ஒருவர் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான், திருப்பிக் கொடுத்தார். தரகர் அதற்கப்புறம் பதிலே போடவில்லை. நானூறு டாலர் போனது போனதுதான்.

அந்தக் கடிதம் ஏன் செல்லுபடியாகவில்லை என்பது அங்கே கொஞ்ச நாள் இருந்த பிறகுதான் விளங்கியது. 1952-இல் பெரிய சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1985-இல் உலகச் சந்தையில் தகரத்தின் விலை விழுந்தபோது அரசு சுரங்கங்களில் இருந்தவர்களை ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மலை பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வந்தது. சங்கம் என்றதும் நாம் நினைக்கிற மாதிரி மேலே ஒரு அதிகாரி, அவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள் என்பது கிடையாது. உள்ளே ஒவ்வொரு வெட்டுமுகமும் ஒரு சிறிய குழுவின் பொறுப்பு. அவர்கள் வெட்டுகிற தாதுக்கு அவர்களுக்குத்தான் காசு, கிடைக்காவிட்டால் பட்டினியும் அவர்களுக்குத்தான். அங்கே யார் வரலாம் என்பதை அந்தக் குழுவின் மூத்தவர்தான் சொல்வார். ஆக சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை, வெட்டுமுகத்து மூத்தவரிடம் ஒரு வார்த்தை, அப்புறம் தியோவிடம் ஒரு வார்த்தை என்று மூன்று இடத்தில் கேட்க வேண்டும். மூன்றாவதைச் சடங்குக்காகச் சொல்லவில்லை. தியோவுக்கு எதுவும் வைக்காமல் கேமராவை எடுத்தால் அன்றைக்கு நடக்கிற எந்தச் சின்ன விபத்துக்கும் அந்தக் கேமராதான் காரணம் என்று ஆகிவிடும். நேரில் போய் அங்கேயே பதிவுபெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவரைப் பிடிப்பதுதான் சரி. முன்னாள் சுரங்கத் தொழிலாளிகள் பலர் அந்த வேலை செய்கிறார்கள். ஊரிலிருந்து யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள்.

பெண்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் போகிற பாதையில் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் பெண் உள்ளே வந்தால் தாது ஓடி ஒளிந்துகொள்ளும், பூமித்தாயான பச்சாமாமாவுக்குப் பொறாமை வரும் என்ற நம்பிக்கை வயதானவர்களிடம் இன்னும் பலமாக இருக்கிறது. வழிகாட்டி பேசிப் பார்த்த முதல் குழுவின் மூத்தவர் என்னைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு பணம் செலவழித்து, உள்ளேயே போகாமல் திரும்புவதா என்று இருந்தது. சண்டை போடவும் மனம் வரவில்லை. நம் ஊரில் எந்தெந்த வாசலில் எந்தெந்த நாளில் என்னை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோபம் வேறு. விருந்தாளியாகப் போன இடத்தில், ஒருவருடைய பிழைப்பு தொங்குகிற ஒரு நம்பிக்கையின் மீது அந்தக் கோபத்தைக் காட்ட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

வாசலிலேயே உட்கார்ந்தேன். அங்கேதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. ஒவ்வொரு சுரங்க வாயிலுக்கும் பக்கத்தில் மண்சுவர் வைத்த ஒரு குடிசை இருக்கும். அதில் காவலுக்கு ஒரு பெண், பெரும்பாலும் பிள்ளைகளோடு. இரவில் கருவிகளையும் வெட்டி வைத்த தாதையும் திருடர்கள் எடுக்காமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை, கூலி சொற்பம். வெளியே கொட்டிக் கிடக்கிற கல்லைச் சுத்தியலால் உடைத்து அதில் மிச்சம் மீதி தாது பொறுக்குகிற பெண்களும் உண்டு, பலிரி என்று பெயர். இவர்களில் பலர் கணவனை இதே மலைக்கோ, நுரையீரல் கல்லாகிப்போகும் சிலிகோசிஸ் நோய்க்கோ கொடுத்தவர்கள். நான் உட்கார்ந்திருந்த வாயிலின் காவல்காரப் பெண்மணி முதல் நாள் பேசவில்லை. இரண்டாம் நாள் ஒரு கோப்பையில் சூடான சோளக்கஞ்சி கொடுத்துவிட்டு, எதற்கு வந்தாய் என்று கேட்டார். என் பையில் தாத்தாவின் பழைய படம் ஒன்று இருந்தது. தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கடைசிக் காலத்தில் இருமி இருமியே போனார். அதைக் காட்டிச் சொன்னேன். வாங்கிப் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “எங்கள் வீட்டுக்காரரும் இருமித்தான் போனார், மகளே” என்றார். சாயங்காலம் வெளியே வந்த மூத்தவரிடம் அவரே போய்ப் பேசினார். அங்கத்திய மலைமக்களின் மொழியான கெச்சுவாவில் பேசியதால் எனக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை வா என்று பதில் வந்தது.

எல்லோருக்கும் சுரங்கத்தில் இருந்த தாத்தா இருக்க மாட்டார். ஆனால் உங்கள் வீட்டுப் படம், உங்கள் ஊர் வேலை, உங்கள் குலசாமி என்று எதையாவது எடுத்துப் போங்கள். அங்கே கேமராவோடு வருகிற ஆட்களுக்குக் குறைவில்லை. தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் அடுத்தவன் வாழ்க்கையை மட்டும் கேட்கிறவர்களைப் பார்த்து அவர்கள் சலித்துப் போயிருக்கிறார்கள். பலிரிகளையும் காவல்காரப் பெண்களையும் படமெடுக்க நிறைய நேரம் ஒதுக்குங்கள். உள்ளே நுழையாதவர்களிடமும் தியோவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

வெள்ளிக்கிழமைதான் உள்ளே தியோவுக்குப் படையல் வைக்கிற நாள், வார வேலை முடிகிற நேரம். வருகிற வழியில் சுரங்கக்காரர்களுக்கான சந்தையில் கோக்கா இலை, அதோடு மெல்லுகிற சாம்பல் கட்டி, சிகரெட், 96 டிகிரி ஆல்கஹால், குளிர்பானம் எல்லாம் விற்கும். வெடிமருந்தும் திரியும்கூடக் கடையில் தொங்கும், சுற்றுலாக்காரர்கள் அதையும் பரிசாக வாங்கிப் போகிறார்கள். நான் வாங்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டதற்குக் கையுறையும் தூசி வடிகட்டும் முகமூடியும்தான் கேட்டார்கள். கோக்கா இலையைப் பச்சைப் பையில் கணிசமாக வாங்கிப் போங்கள், கைப்பிடி அளவு கொடுத்தால் படத்துக்கு விலை பேசுகிற மாதிரி இருக்கும்.

தியோவின் முன்னால் போய் உட்கார்ந்ததும் எனக்கு அந்நியமாக எதுவும் தோன்றவில்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். களிமண்ணால் செய்த உருவம், ஆள் உட்கார்ந்த உயரம். தலையில் கொம்பு, திறந்த வாய், நிமிர்ந்த ஆண்குறி, காலில் ரப்பர் பூட்ஸ். கழுத்திலும் மடியிலும் வண்ணக் காகிதச் சுருள், உதிர்ந்த கோக்கா இலை. முதலில் தரையில் பச்சாமாமாவுக்கு ஆல்கஹாலைச் சொட்டுகிறார்கள், பிறகு தியோவுக்கு, பிறகுதான் தாங்கள் குடிக்கிறார்கள். சுத்தமான சாராயம் ஊற்றினால் சுத்தமான தாது தருவான் என்பது கணக்கு. ஒரு இளைஞர் சிகரெட்டைப் பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்து, தியோவின் வாயில் செருகினார். வாயின் உட்புறம் பல வருடப் புகையேறிக் கன்னங்கரேல் என்றிருந்தது. சுரங்கக் காற்றில் நெருப்பு தானாகவே உள்ளே நகர்ந்தது. சாம்பல் உதிராமல் வளைந்துகொண்டே நீண்டது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்கள். கடைசிவரை எரிந்துவிட்டால் மனசாரப் புகைத்துவிட்டான் என்று அர்த்தம். எரிந்தது. மூத்தவர் கோக்காவைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் வைத்து, கருப்பசாமிக்குக் கிடா வெட்டி வளர்ந்த ஊர் எனது. எல்லையைக் காக்கிறவன், கோபக்காரன், கேட்டதைக் கொடுப்பான், கொடுத்த வாக்கை மீறினால் விடமாட்டான். தியோவும் அப்படித்தான். மலைக்குள் இருக்கிற தாதுக்கு அவன்தான் சொந்தக்காரன். சுரங்க வாயிலில் சிலுவை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்கள் தேவாலயத்துக்குப் போகிறார்கள். ஆனால் வெளிச்சம் எட்டாத இடத்துக்குப் போனபின் யேசுவின் பேரை எடுப்பதில்லை, அங்கே தியோவின் ஆட்சி. ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் தண்டிப்பான் என்று பயமுறுத்த ஸ்பானியர்கள் வைத்த பூச்சாண்டியை, பிறகு நாங்கள் எங்கள் பக்கம் இழுத்துக்கொண்டோம் என்று என் வழிகாட்டி சொன்னார். நம் தமிழ் வாசகர்கள், படமெடுக்கிறவர்கள், இந்த விஷயத்தில் மற்ற யாரையும்விட அருகில் நின்று பார்க்க முடியும். கொம்பைப் பார்த்ததும் சாத்தான் என்று எழுத நமக்கு எந்தத் தேவையும் இல்லை.

இந்த முதல் வெள்ளிக்கிழமை நான் கேமராவைப் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர்களே எடு என்றார்கள். சடங்கு நடக்கும்போது தியோவுக்கும் ஆட்களுக்கும் நடுவில் புகுந்து நிற்காதீர்கள். கையில் குடுக்கிற ஆல்கஹாலை மறுக்கவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம். தரையிலும் தியோ மீதும் சொட்டிவிட்டு உதட்டை நனைத்துத் திருப்பிக் கொடுத்தால் யாரும் தவறாக எடுப்பதில்லை. அந்த உயரத்தில், அந்தக் காற்றில், போதையோடு ஏணியில் இறங்குவது உயிருக்கு ஆபத்து.

கேமரா விஷயம். ஜூன் மாதக் காலையில் வெளியே பூஜ்யத்துக்குப் பக்கம், உள்ளே ஆழத்தில் முப்பத்தைந்து டிகிரிக்கு மேல். உள்ளே போனதும் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும், துடைக்கத் துடைக்க மறுபடி படியும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் கேமராவைப் போட்டு, உள்ளே போய் அரைமணி நேரம் உறையைத் திறக்காமல் வைத்திருந்தால் தானாகச் சரியாகும். ஜூம் லென்ஸ் கொண்டு போகவே வேண்டாம். நீட்டிச் சுருக்கும்போதெல்லாம் அது தூசியை உள்ளே இழுக்கிறது. என்னுடைய 24-70 லென்ஸில் சில நாளிலேயே மணல் அரைபடுகிற சத்தம் வந்தது. ஊர் திரும்பிச் சர்வீஸுக்குக் கொடுத்ததில் இருபத்தெட்டாயிரம் ரூபாய், அப்படியும் பழைய கூர்மை வரவில்லை. ஒரு கேமராவில் 35 மில்லிமீட்டர், எஃப் 1.4 லென்ஸை மாட்டி, மூட்டுகளில் டேப் ஒட்டிக்கொண்டு போங்கள். உள்ளே லென்ஸ் மாற்றவே கூடாது. சுவரில் வழிகிற மஞ்சள் தண்ணீர் அமிலம், கேமரா மேல் பட்டால் உடனே துடைத்துவிட வேண்டும்.

ஃபிளாஷ் போட்டால் காற்றில் மிதக்கிற தூசிதான் வெள்ளைப் புள்ளிகளாகப் படம் முழுக்க நிற்கும். அவர்களுடைய தலைவிளக்கு வெளிச்சமே போதும், ஐஎஸ்ஓ 6400-க்குப் பயப்படாதீர்கள். எலெக்ட்ரானிக் ஷட்டரில் எல்இடி வெளிச்சம் கோடு கோடாக வரும், மெக்கானிக்கல் ஷட்டரே வையுங்கள். யாராவது உங்களோடு பேசினால் அவர் நெற்றி விளக்கு நேரே லென்ஸில் அடிக்கும். அவர் இன்னொருவரோடு பேசும்போது எடுங்கள், ஒருவர் விளக்கு இன்னொருவர் முகத்தில் விழுகிற வெளிச்சம் அவ்வளவு அழகு. உங்கள் தலைவிளக்கை அந்த நேரம் அணைத்துவிடுங்கள். முகமூடி விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆனால் எவ்வளவு நல்ல தூசி முகமூடியும் வெடி வைத்ததும் கிளம்புகிற கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைத் தடுக்காது, அதற்கு வாசனையும் கிடையாது. வேட்டு போட்ட பிறகு வழிகாட்டி போகலாம் என்று சொல்லும்வரை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. 4,400 மீட்டருக்கு மேல் வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. யாராவது மேல்மட்டத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்ப்பீர்கள். மனசு தாங்காது. முகம் தெரிகிற மாதிரி எடுக்காதீர்கள், மாட்டிக்கொள்வது அந்தப் பையனும் அவன் அம்மாவும்தான்.

ஜூன் மாதச் சனிக்கிழமைகளிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் லாமா பலி நடக்கும். லாமாவுக்குக் கோக்காவும் ஆல்கஹாலும் ஊட்டி, சுரங்க வாயிலில் கழுத்தை அறுத்து, ரத்தத்தைக் கிண்ணத்தில் பிடித்து வாயிலின் மேலும் தள்ளுவண்டிகளின் மேலும் வீசுகிறார்கள். இந்த ரத்தத்தைக் குடித்துவிட்டு எங்கள் ரத்தத்தைக் கேட்காதே என்பதுதான் வேண்டுதல். பிறகு எல்லோர் கன்னத்திலும் பூசுவார்கள், உங்களுக்கும். விலகாதீர்கள். கேமராவுக்கு மழை உறை போட்டுக்கொண்டால் போதும். அன்று காவல்காரப் பெண்மணி என் கன்னத்தில் பூசிவிட்டு, காய்வதற்குள் தொடாதே என்றார். கறி வெந்து எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு எலும்பைத் தியோவுக்கென்று புதைத்தார்கள். அந்த நாளில் எடுத்த படங்கள்தான் என்னிடம் இருப்பதிலேயே நல்ல படங்கள்.

அந்தப் படங்களுக்குத்தான் பெரிய அநியாயமும் நடந்தது. ஒரு வெளிநாட்டு இணைய இதழ் படங்களைக் கேட்டு வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் நீளமான குறிப்பு எழுதி அனுப்பினேன். வெளிவந்தபோது என் குறிப்புகள் ஒன்றுகூட இல்லை, மேலே சாத்தான் வழிபாடு என்ற தலைப்பு, முதல் படமாக ரத்தம் பூசிய மூத்தவரின் முகம். அவருடைய பெரிய மகன் கைப்பேசியில் அதைப் பார்த்துவிட்டு வழிகாட்டி மூலம் எனக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினான், அப்பா உங்களுக்கு என்ன செய்தார் என்று. தூக்கமே இல்லை. வாரக்கணக்கில் கடிதம் போட்ட பிறகுதான் தலைப்பை மாற்றினார்கள். கொடுத்த நூற்றைம்பது டாலரைத் திருப்பி அனுப்பிப் படங்களையும் எடுத்துவிடச் சொன்னேன். தலைப்பையும் குறிப்பையும் என் ஒப்புதல் இல்லாமல் மாற்றக் கூடாது என்று எழுத்தில் வாங்காமல் இப்போது எந்தப் படத்தையும் யாருக்கும் அனுப்புவதில்லை. நீங்களும் அனுப்பாதீர்கள். எடுத்த படங்களை அந்த ஊரிலேயே பிரிண்ட் போட்டு, கிளம்புவதற்கு முன் ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்திருந்த பிரிண்ட்கள் அவர்கள் வீட்டுச் சுவரில் இருந்ததால்தான், அந்தத் தலைப்பு என் வேலை இல்லை என்று வழிகாட்டி சொன்னபோது நம்பினார்கள்.

கடைசியாகத் திரும்பும் பயணம். பொலிவியாவில் சாலை மறியல் அடிக்கடி நடக்கும். 2015 ஜூலையில் போத்தோசி மூன்று வாரத்துக்கும் மேலாக அடைபட்டுக் கிடந்தது, வெளிநாட்டுப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். நான் கிளம்பிய அன்றும் ஊருக்கு வெளியே லாரிகளைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மறியலைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. புது டிக்கெட் எழுபதாயிரம் ரூபாய். கடைசி விமானத்துக்கு ஒரு வாரம் முன்பே போத்தோசியை விட்டு இறங்கிச் சுக்ரேவில் இருந்துகொள்ளுங்கள், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள். கையில் ரொக்கம் வையுங்கள், மறியல் நாளில் ஏடிஎம்மில் பணம் தீர்ந்துவிடும். கிளம்புமுன் கேமராப் பையைக் கவிழ்த்துத் தட்டிவிடுங்கள். கோக்கா இலை அங்கே சட்டப்படி சரி, எல்லை தாண்டினால் பல நாடுகளில் போதைப்பொருள், ஒரு டீ பாக்கெட் இருந்தாலும் சிக்கல்தான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் பொலிவியாவிலிருந்து இந்தியாவுக்குள் வந்தால் தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளைக்கு முன்பே போட வேண்டும். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் முன்பதிவு செய்து போட்டுக்கொள்ளலாம்.